ரசமட்டம் வீட்டு மெசின்

உக்குவளையில் எந்தப் பொருளும் நேராக நிற்கவில்லை என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர் ரசமட்டம்தான். அதற்கு முன்பு நாங்களெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

மேசன்மாரும் தச்சர்மாரும் வைத்திருப்பார்களே, நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஓடும் குமிழுமாக ஒரு சட்டம், அதுதான் ரசமட்டம். எதன் மேல் வைத்தாலும் அது சாய்ந்திருக்கிறதா இல்லையா என்று குமிழ் சொல்லிவிடும். அதை அவர் வெற்றிலைப் பெட்டி மாதிரி எந்நேரமும் கூடவே கொண்டு திரிந்ததால் அவருக்கும் அதே பெயர் ஆகிவிட்டது. தபால் கந்தோரில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஆனால் பென்ஷன் கடிதம் கொண்டு வரும் தபால்காரர்கூட வாசலில் நின்று “ரசமட்டம் ஐயா” என்றுதான் கூப்பிடுவார்.

டீக்கடைக்குப் போனால் முதலில் சட்டத்தை மேசையில் வைத்துப் பார்ப்பார். குமிழ் நடுவில் நின்றால்தான் பிளேன்டீ சொல்வார். இல்லாவிட்டால் அடுத்த மேசை. ஒரு கல்யாண வீட்டில் மணவறையில் வைத்துப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு” என்று பந்தல்காரரிடம் மெல்லச் சொன்னார். அது காதுக்குக் காது போய், பெண்ணின் பெரியம்மா காதில் விழும்போது மாப்பிள்ளைக்கு ஒரு கால் கட்டை என்றாகிவிட்டது. மாப்பிள்ளை எழுந்து மணவறையை இரண்டு சுற்று நடந்து காட்டிய பிறகுதான் தாலி கட்ட விட்டார்கள்.

நான் அப்போது மாத்தளையில் ஒரு கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டு, உக்குவளையில் நஸீர் நானாவின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். எதிர்வீடுதான் ரசமட்டத்தின் வீடு. என் ஜன்னலைத் திறந்தால் அவர்களுடைய முன்ஹோல் தெரியும். ஜன்னலை மூடினாலும் புஷ்பமக்காவின் குரல் கேட்கும்.

புஷ்பமக்கா அவருடைய மனைவி. அக்கா மெதுவாகப் பேசினால் எங்கள் லேனுக்குக் கேட்கும், கொஞ்சம் குரலை உயர்த்தினால் ரயில் ஸ்டேஷனில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கோபம் ஒன்றும் கிடையாது. அவருடைய குரலே அப்படி. எதிர்வீட்டில் இன்று என்ன கறி, யாருக்குத் தடிமன் காய்ச்சல், மீன்காரன் ஏன் வரவில்லை என்று எல்லாம் எங்களுக்குத் தெரியும். ரசமட்டம் பதிலே சொல்லமாட்டார். பின்பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பலகை சீவிக்கொண்டே “ம்” என்பார். அந்த “ம்” மட்டும்தான் அவருடைய பங்கு.

அக்காவுக்கு இந்த உலகத்தில் பெருமைப்பட இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, லண்டனில் இருக்கும் மகள். இன்னொன்று, முன்ஹோலின் சிவப்பு பொலிஷ் தரை. வாரா வாரம் பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையால் மணிக்கணக்காகத் தேய்த்து, முகம் பார்க்கலாம் போல வைத்திருப்பார். அதில் நடக்கிறவர்கள் பாம்பின் மேல் நடப்பது போலத்தான் நடப்பார்கள்.

மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று அக்கா லண்டனுக்குப் புறப்பட்டார். வேன் ஏறும்போது ஒரேயொரு விஷயம்தான் சொன்னார். லேன் முழுவதும் சாட்சி.

“சாப்பாடு நீங்க எப்படியோ பாத்துக்குவீங்க. தரைய மட்டும் பாத்துக்கங்க.”

“ம்” என்றார் ரசமட்டம்.

அக்கா போன முதல் வாரம் லேனில் எல்லோருக்கும் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. நஸீர் நானா படியேறி வந்து, “தம்பி, எனக்கு மட்டும்தானா, இல்லாட்டி ஒங்களுக்கும் ஒண்ணும் கேக்கலியா?” என்று விசாரித்தார். ரசமட்டமோ வேலியோரமாக நடந்துகொண்டேயிருந்தார். நடக்கும்போது யாரும் எதுவும் கேட்காமலே இடைக்கிடை “ம்” என்றார்.

அதற்குப் பிறகுதான் மெசின் வந்தது.

கொழும்பிலிருந்து வந்த லொறி கண்டி ரோட்டில், எங்கள் லேன் தொடங்குகிற இடத்தில் நின்றது. லேன் ஏற்றம், அகலமும் போதாது. லொறிக்காரர் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார், பெட்டியை ரோட்டோரம் இறக்கினார், கையெழுத்து வாங்கினார், போயே விட்டார். பெட்டி ஒரு சின்ன அறை அளவு இருந்தது. அதற்குள் இருந்தது பலகை சீவும் மெசின். கரடுமுரடான பலகையை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் வழுவழுவென்று வரும். முழுக்க வார்ப்பு இரும்பு. கனம் எவ்வளவு என்று பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்தவர்கள் ஆளுக்கொரு அடி பின்னால் தள்ளி நின்றார்கள்.

நஸீர் நானாவுக்கு மரக்காலை இருந்தது. மரம் அறுப்பதும் விற்பதும்தான் அவர் தொழில். அவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“மட்டண்ணே, இது ஊட்டுக்குள்ள வெக்கிற சாமானா? என்ட மரக்காலைக்கே இது பெரிசு.”

“சின்ன மெசின் ஆடும் நானா. கனமா இருந்தாத்தான் அசையாம நிக்கும்.”

“அது சரி. அசையாம நிக்கிற சாமான எப்படி மேல கொண்டு போறது?”

அதற்கும் ரசமட்டம் ஏற்பாடு செய்திருந்தார். மாத்தளைத் தேருக்கு முட்டுக்கட்டை போட்டுப் பழகிய நாலு பேரை அழைத்து வந்திருந்தார். பெட்டிக்கடியில் இரும்புக் குழாய்களை உருட்டிவிட்டு, முன்னால் கயிறு கட்டி இழுத்து, பின்னால் அலவாங்கால் நெம்பிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முழத்துக்கும் சக்கரத்துக்குப் போடுகிற மாதிரிப் பின்னால் கட்டை போட வேண்டும். கயிறு இழுக்க லேனில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் வந்தோம். கட்டை போடுகிறவர்களுக்கு வேறு மாதிரி வேலை செய்யத் தெரியாது. இழுக்கும்போதெல்லாம் “அரோகரா” என்றார்கள். நாங்களும் சொன்னோம். நஸீர் நானாவும் வாய் தவறி ஒரு தடவை சொல்லிவிட்டு, சுற்றும் பார்த்துவிட்டுக் கயிற்றை இன்னும் பலமாக இழுத்தார்.

பாதி ஏற்றத்தில் மேல் வீட்டு அம்மா ஒருவர், என்ன சாமி வருகிறது என்று தெரியாமலே, குடத்துத் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டார். வழி சேறாகி, பெட்டி ஒரு முழம் பின்னால் வழுக்கியது. கட்டை போடுகிறவர்கள் நல்லவேளை பழகினவர்கள். அந்த அம்மா பயத்தில் சூடம் வேறு கொளுத்திவிட்டார். ஆக, பெட்டிக்குள் இருந்த மெசின் வெளியே வருவதற்கு முன்பே அதற்கு ஒரு தீபாராதனை ஆகிவிட்டது.

முன்வாசல் கதவை நிலையோடு கழற்றி, ஒரு வழியாக ஹோலுக்குள் கொண்டுபோனோம். அங்கிருந்து சமைக்கிற குசினி வழியாகப் பின்கொட்டகைக்குப் போக வேண்டும். குசினி வாசலில் பெட்டி முட்டிக்கொண்டு நின்றது. பெட்டியை உடைத்து மெசினை மட்டும் தள்ளிப் பார்த்தோம். மெசினும் முட்டியது.

நஸீர் நானா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அண்ணே, இந்தக் கதவ அளந்து பாத்தீங்களா?”

“பாத்தேனே. தரை எவ்வளவு சரிவுன்னு பாத்தேன்.”

“அகலம்?”

ரசமட்டம் கையிலிருந்த சட்டத்தைப் பார்த்தார். அது அகலம் காட்டாது.

சுவரை உடைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அந்தச் சுவரில்தான் கூரையே நிற்கிறது என்று இன்னொருவர் சொன்னார். எங்கள் கைகளில் கயிறு அறுத்த தடம். யாருக்கும் திரும்ப இறக்கும் தெம்பு இல்லை.

“இங்கேயே இருக்கட்டும்” என்றார் ரசமட்டம். சொல்லி முடிக்கவில்லை, மெசினின் அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். புஷ்பமக்காவின் சிவப்புத் தரையில் ஒரு விரிசல், வாசலிலிருந்து சாமிப் படம் வரைக்கும் ஓடியது. எல்லோரும் அவரவர் வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனோம்.

விரிசலோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தத் தரை ஒரு பக்கம் சரிவு. சரிவான தரையில் மெசின் நிற்பதை ரசமட்டத்தால் தாங்க முடியவில்லை. நாலு பக்கமும் கோடு போட்டு, தரையை உடைத்து, கொன்கிரீட் போட்டு, அதன் மேல்தான் மெசினை ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். நான் ஒருநாள் போனபோது, அவர் உளியும் சுத்தியலுமாகச் சிவப்புத் தரைக்கு நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, அக்கா வந்தா என்னா சொல்லுவாங்க?”

“சொல்லட்டும் தம்பி” என்றார். பயந்து சொன்ன மாதிரித் தெரியவில்லை. எப்போது சொல்வாள் என்று காத்திருக்கிறவர் சொன்ன மாதிரி இருந்தது.

கொன்கிரீட் காய்ந்து, அதன் மேல் மெசின் ஏறிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. மெசினின் மேசை மீது சட்டத்தை நீளவாட்டில் வைப்பார். குமிழ் நடுவுக்கு வரும்வரை பால்மா டின்னை வெட்டிய தகடுகளைக் காலுக்கடியில் செருகுவார். வந்துவிட்டது என்று குறுக்குவாட்டில் வைத்தால் குமிழ் ஓடிவிடும். குறுக்கைச் சரிசெய்தால் நீளம் போய்விடும். லேனில் பால்மா டின் எறியக்கூடாது என்று எல்லா வீடுகளுக்கும் சொல்லியிருந்தார். கந்தோருக்குப் போகும்போது குனிந்திருந்த மனிதர், திரும்பி வரும்போதும் அப்படியே குனிந்திருப்பார். கடைசியில் ஒருநாள் சாயந்தரம் என்னை ஜன்னலில் பார்த்து, “தம்பி, நின்னிருச்சு” என்றார். கண் கலங்கியிருந்தது. நானும் போய்க் குமிழைப் பார்த்தேன். நின்றுதான் இருந்தது.

மெசினுக்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். அது வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. வயர் இழுத்துக் கொடுத்தது லேன் முனையில் இருந்த சுனில். தமிழைச் சிங்களத்தில் யோசித்துப் பேசுவார், ஆனால் எல்லாம் புரியும். முதல்நாள் ஓட்டிப் பார்க்க லேனே வந்து வாசலில் நின்றது. ரசமட்டம் குளித்து, திருநீறு பூசி, சுவிட்சைப் போட்டார். வீடே அதிர்ந்தது. ஒரு பலாப் பலகையைக் கவனமாக மெசினுக்குள் கொடுத்தார். மெசின் பலகையை வாங்கவில்லை. அவர் வயிற்றில் திருப்பித் தள்ளியது. மறுபடி கொடுத்தார். மறுபடி தள்ளியது.

“வேணாங்குது” என்றார் நஸீர் நானா.

சுனில் மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணே, மோட்டர் பின்னாலே சுத்துது. ரெண்டு வயர் மாத்திப் போட்டா சரி வரும்” என்று மெயினை அணைத்துவிட்டு வயர்களை மாற்றினார். இந்தத் தடவை மெசின் பலகையை அமைதியாக வாங்கிக்கொண்டு மறுபக்கம் அனுப்பியது. வாசலில் நின்ற எல்லோரும் அந்தப் பலகையைக் கைமாற்றிக் கைமாற்றித் தடவிப் பார்த்தோம். நஸீர் நானா அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இவ்வளவும் லண்டனுக்குத் தெரியாது.

அக்கா நாள் தவறாமல் வீடியோ கோல் எடுப்பார். ரசமட்டம் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகமும் கூரையும் மட்டும் தெரிகிற மாதிரிப் பேசுவார்.

“ஏங்க எப்பப் பாத்தாலும் கூரையவே காட்டுறீங்க?”

“வெளிச்சம் நல்லா இருக்கு.”

“தரையக் கொஞ்சம் காட்டுங்க பாப்போம்.”

உடனே சிக்னல் போய்விடும்.

நான் பக்கத்தில் இருந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். போனில் அக்காவின் குரல் சன்னமாக இருந்தது. முதலில் போனில்தான் கோளாறு என்று நினைத்தேன். பிள்ளை தூங்குகிறது, மருமகன் வீட்டிலிருந்தே கந்தோர் வேலை பார்க்கிறார், பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது அட்டை மாதிரி ஒரு சுவர்தான் என்று அக்காவே ஒருநாள் சொன்னார். அதையும் வாய்க்குள்தான் சொன்னார். ரசமட்டம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு “என்னா? என்னா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் என்று போனவரை மகள் இன்னும் கொஞ்ச காலம் நிற்கச் சொன்னாள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து சாயந்தரமானால் எதிர்வீட்டில் மெசின் ஓடும். நஸீர் நானாவின் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது மட்டும் நிறுத்துவார், பிறகு மறுபடி போடுவார். கட்டில் செய்கிறாரா, அல்மாரி செய்கிறாரா, யாருக்கு என்று தெரியாமல் ஒருநாள் போய்ப் பார்த்தேன். மெசின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. பலகையே இல்லை. ரசமட்டம் பக்கத்தில் கதிரை போட்டு, கையில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அணைத்தார்.

“பலகை இல்லாம ஓடுதேண்ணே?”

டீயைக் கீழே வைத்தார். “ஊட்ல சத்தமே இல்ல தம்பி. கொட்டாயில உக்காந்து சீவுனா, சீவுற சத்தம் எனக்கே கேக்குது. முன்னாடியெல்லாம் கேக்காது.”

“போடுங்கண்ணே, ஓடட்டும்” என்றேன்.

புஷ்பமக்கா திரும்பி வருகிற நாளும் வந்தது. ரசமட்டம் விடியக்காலமே எழும்பி, மெசினுக்கு மேல் ஒரு புதுக் கட்டில் விரிப்பைப் போர்த்தி, அதன் மேல் மகளின் கல்யாணப் படத்தையும் ஒரு பூச்சாடியையும் வைத்திருந்தார். பார்த்தால் யாரையோ கிடத்தியிருக்கிற மாதிரி இருந்தது. நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல், ஆளுக்கொரு சாக்கில், வேலியோரம் நின்றோம்.

அக்கா வேனிலிருந்து இறங்கினார். மெலிந்திருந்தார். ஹோலுக்குள் போனார். பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்தார். படத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தார். விரிப்பை உருவினார்.

“இது என்னா?”

“மெசின்.”

“என் தரை?”

“அடியில இருக்கு.”

நாங்கள் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பேக்கைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அன்றும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. மீன்காரன் வந்து கேட்டபோது வேண்டாம் என்று கையால் காட்டினார். லேனில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. “அந்தப் புள்ள ஏசித் தொலச்சாலும் நிம்மதியா ஈக்கும்” என்றார் நஸீர் நானாவின் மனைவி. ரசமட்டம் மெசின் பக்கமே போகவில்லை. உடைத்தெடுத்த சிவப்புச் சில்லுகளைப் பொறுக்கி, திரும்ப ஒட்டலாமா என்று கொட்டகையில் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு சாயந்தரம் அக்காவே ஹோலில் நின்று, “போடுங்க பாப்போம்” என்றார். நான் ஜன்னலில் இருந்தேன். ரசமட்டம் சுவிட்சைப் போட்டார். வீடு அதிர்ந்தது. அக்கா ஏதோ சொன்னார். அவருக்குக் கேட்கவில்லை. காதைக் கிட்டக் கொண்டுபோனார். அக்கா இன்னும் உரக்கச் சொன்னார். அவர் மெசினை அணைத்துவிட்டு, “என்னா சொன்ன?” என்றார்.

“ஏன் நிப்பாட்டுனீங்க? போடுங்க.”

மறுபடி ஓடியது. அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு அக்கா பேசத் தொடங்கினார். கையை ஆட்டி, தலையை ஆட்டி, தரையைக் காட்டி, மேற்கே எங்கேயோ காட்டி, அடிவயிற்றிலிருந்து பேசினார். லண்டன் குளிர், அட்டைச் சுவர், மருமகனின் கூட்டங்கள், கால் விரலால் நடந்த நடை, தரை, தரை, தரை என்று மாதக்கணக்கில் வாய்க்குள் வைத்திருந்த எல்லாம் வந்தது. மெசினையும் மீறி எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. ரசமட்டத்துக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. ஆனால் அவர் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். வாய் அசைந்தது. “ம்” என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒரு கட்டத்தில் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே போய்ச் சுவிட்சை அணைத்தார். பிறகு குசினியிலிருந்து, ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி, “டீ குடிக்கிறீங்களா இல்லியா?” என்றார். லேன் மூச்சு விட்டது. கீழே நஸீர் நானா “அல்ஹம்துலில்லாஹ்” என்றது எனக்கு மாடிக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அந்த மெசினை அதிகம் பயன்படுத்தியவர் அக்காதான். உக்குவளையிலேயே சரியான மட்டத்தில் இருக்கிற ஒரே பொருள் அது என்று ஊர் ஒத்துக்கொண்டிருந்தது. அதன் மேசையைத் துடைத்து அதில்தான் ரொட்டி தட்டினார். தீபாவளிக்குப் பயத்தம் உருண்டையெல்லாம் அதில்தான் பரப்பினார். ஒன்றுகூட உருளாது என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். ரசமட்டம் பலகை சீவ வேண்டுமென்றால், ரொட்டி எடுக்கும்வரை காத்திருப்பார்.

அடுத்த வருஷம் எனக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. அங்கேயே கல்யாணமும் ஆனது. அக்காவின் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ரசமட்டத்தையும் அக்காவையும் லண்டனுக்கே கூப்பிட்டுக்கொண்டாள். வீட்டை வாடகைக்கு விட்டார்கள். மெசினை யாராலும் வெளியே எடுக்க முடியவில்லை. அதையும் சேர்த்துத்தான் வாடகைக்குக் கொடுத்தார்கள்.

எப்போதாவது ரசமட்டம் போன் எடுப்பார். ஊரில் மழையா, மிளகு என்ன மாதிரி, நஸீர் நானாவின் முழங்கால் வலி எப்படி என்று என்னிடம் கேட்பார். நான் கொழும்பில் இருக்கிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நானும் நானாவிடம் கேட்டுவைத்துக்கொண்டு பதில் சொல்வேன். போன மாதம், “அங்க தச்சு வேலை ஏதாச்சும் செய்றீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“இங்க ஆணி அடிக்கிறதுன்னாலே ரெண்டு ஊட்டுக்குச் சொல்லணும் தம்பி. எல்லாம் நல்லவங்கதான். எல்லாரும் மெதுவாப் பேசுவாங்க.”

பிறகு அக்கா போனை வாங்கினார். ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

“அக்கா, கேக்கல. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க” என்றேன்.

“புள்ள தூங்குது தம்பி” என்றார்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை நான் கண்டி ரயில் ஏறி, மாறி, உக்குவளையில் இறங்குகிறேன். லேன் ஏறி அந்த வீட்டு வாசல் வரை போய், சும்மா நின்றுவிட்டு, நஸீர் நானாவிடம் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். மாத்தளையில் ஒரு வேலை இருக்கிறது என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். எனக்கு மாத்தளையில் ஒரு வேலையும் இல்லை.